மாமனார் தலைக்கு மேல் போட்ட ஷீட்

மாமனாரிடம் நல்ல பெயர் வாங்க ஒரு மனிதன் எவ்வளவு உயரத்துக்கும் ஏறுவான். நான் முப்பதடி ஏறினேன், ஓசூரை ஒட்டிய ஒரு கம்பெனியின் கூரைக்கு. இறங்கி வந்தபோது பெயர் கிடைத்திருந்தது. நல்ல பெயர் இல்லை.

என் தொழில் கூரை வேலை. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. (என் மனைவி சரசுவைக் கேட்டால், "எங்க பாத்தாரு?" என்பாள்.) தகரக் கூரையில் இடையிடையே தகரத்தை எடுத்துவிட்டு, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் பால் நிறப் பாலிகார்பனேட் ஷீட் போடுவேன். பகலில் லைட்டே வேண்டாம். எனக்கு முதல் பெரிய ஆர்டரைப் பேசி வாங்கிக் கொடுத்தவர் மாமனார் முனியப்பா.

அந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் மேஜை அவருடையது. இரும்பு பாகங்களை எடுத்து, பிசிறோ விரிசலோ இருந்தால் ஒதுக்கித் தள்ளுவது வேலை. கட்டைவிரல் ஒரு சுற்றுச் சுற்றும், முடிந்தது. "முனியப்பா கையத் தாண்டுனது எதுவும் திரும்பி வந்ததில்ல" என்பார்கள்.

ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, ஷிஃப்ட் மொத்தமும் கேட் வரைக்கும் கூடவே நடந்து, கம்பெனி பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார வைப்பார்கள். "அந்த ஒரு நாளுக்குத்தான் மாப்ள, இத்தினி வருஷமா கடைசி சீட்டுல குலுங்கிக்கினு போறேன்" என்பார்.

காலையில் அவரை பைக்கில் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போவது நான். பஸ் வந்தால், "எந்தக் கம்பெனி பஸ்ஸுன்னு பாருங்க மாப்ள" என்பார். மாப்பிள்ளையிடம் வேலை வாங்குகிறார் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்துச் சொல்வேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. பூஜை அன்றுதான் திறக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னதால், ஷீட்டுகளின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன்.

"வேலை எப்படி மாமா இருக்குது?" என்று கீழே இறங்கி வந்து கேட்டேன்.

மாமா அண்ணாந்து பார்த்தார். "வெளிச்சம் பிரமாதம் மாப்ள! வெளிய நிக்கிறாப்பல இருக்குது!"

தார்ப்பாயை இன்னும் எடுக்கவில்லை. (என் மேல் அவ்வளவு பாசமா என்று எனக்குப் புல்லரித்தது. புல்லரிக்கும்போது மூளை வேலை செய்வதில்லை.)

மறுநாள் நான் தார்ப்பாயை எடுத்தபின் குடும்பங்களையெல்லாம் உள்ளே விட்டார்கள். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தபின் மேனேஜர் மெயின் ஸ்விட்சை இறக்கினார். அத்தனை லைட்டும் அணைந்தது. வெளிச்சம் அப்படியே நின்றது. ஷெட்டே கைதட்டியது. மாமியார் சரசுவின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார்; என்னைப் பற்றித்தான்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

"சார், பொடி எழுத்துகூட படிக்கலாம். வேணும்னா எங்க மாமாவையே படிக்கச் சொல்லுங்க!"

"வாங்க முனியப்பா, உங்க மாப்ளைக்கு சர்டிபிகேட் குடுங்க" என்று மேனேஜர் ஒரு பாகத்தை எடுத்து நீட்டினார். அதில் பெயிண்டால் ஓர் எண் எழுதியிருந்தது. மாமா வாங்கினார். கட்டைவிரல் ஒரு சுற்றுச் சுற்றியது. பெயிண்ட் எழுத்து விரலுக்கு அகப்படுமா?

"நாப்பத்தி ரெண்டு."

எழுதியிருந்தது பதினேழு. யாரோ சிரித்தார்கள்.

எனக்கோ ஷீட்டின் மானம் போகிற கவலை. "அங்க நிழலு மாமா, இப்படி வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து, ஷீட்டுக்கு நேர் கீழே நிறுத்தினேன். "இப்ப படிங்க."

"அறுவது."

இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "பொரி தின்ன கை. எழுத்து அழிஞ்சிட்டிருக்கும்."

நான் விடுகிற ஆளா? "மேல பாருங்க மாமா, எவ்ளோ வெளிச்சம்!"

பார்த்தார். உச்சி வெயில் ஷீட் வழியாக நேரே அவர் முகத்தில் இறங்கியது. நான் கண்ணைச் சுருக்கினேன். மேனேஜரும் சுருக்கினார். மாமா சுருக்கவில்லை. இமைக்கக்கூட இல்லை.

"அவர வுட்டுருங்க!" என்று சரசு கத்தினாள். ஷெட்டில் சிரிப்பு நின்றது.

சர்க்கரை வியாதி கண்ணுக்குள் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் கண் டாக்டர். ரெண்டு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்றும் கேட்டார். வந்திருந்தால் மேஜையை விடச் சொல்லியிருப்பார்கள் என்று மாமா பேசாமலிருந்திருக்கிறார். மங்கல் ட்யூப்லைட்டில் யாருக்குமே சரியாகத் தெரியாத ஷெட்டில், அவருக்குத் தெரியாதது தனியாகத் தெரியவில்லை. நான் போய் வெளிச்சம் போட்டேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "இனிமே எப்படி முனியப்பா உங்கள அந்த மேஜைல உக்கார வெக்கிறது?" என்று கேட்டுவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி நாளில் அவர் கழுத்தில் மாலை இல்லை, கூட்டமும் இல்லை. கேட் வரைக்கும் நடந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கையைப் பிடித்தேன்.

"எத்தினி அடின்னு எனக்குத் தெரியும் மாப்ள. நீங்க சும்மனே கூட வாங்க."

கேட்டைத் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை. "மாமா, அந்த ஷீட்ட நான்..."

"ஏன், ஒழுவுதா?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்ன? வேலை சுத்தம்."

இன்றைக்கும் மாமனார் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றினால் போதும். "லைட்ட அணைங்கம்மா! மாப்ள வந்துட்டாரு, வெளிச்சம் அவரே கொண்டாந்திருப்பாரு!" என்பார். வீடே சிரிக்கும், மச்சானுக்குப் பெண் கொடுத்த புதுச் சம்பந்தி வீட்டாரும் இப்போது சேர்ந்துகொள்கிறார்கள். நான் நிற்பதாக நினைக்கும் பக்கம் திரும்பி மாமாவும் சிரிப்பார். பெரும்பாலும் அங்கே நான் இருப்பதில்லை.

சத்தம் வராமல் இரண்டடி நகர்ந்து, அங்கே போய் நின்றுகொள்வேன்.