அடுப்பு காட்டிய மூன்றாவது ஆள்

லிஃப்ட் பழுதாகிக் கிடந்த நாட்களில்கூட அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் இத்தனை கூட்டம் ஏறியதில்லை. அடுப்பு ஜோசியர் வந்திருக்கிறார் என்ற செய்தி பரவியதும் வரிசை கீழ்த்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை நீண்டது. ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு நின்றார். டாக்டரைப் பார்க்கக்கூடத் தலை சீவிக்கொண்டு போகிறவர் அவர்.

கை பார்த்துச் சொல்பவர் உண்டு, முகம் பார்த்துச் சொல்பவர் உண்டு. இவர் ஓவன் பார்த்துச் சொல்பவர். கேக்கும் ரொட்டியும் சுடுகிற மின் அடுப்புக்கு இப்போது பொத்தான், கண்ணாடித் திரை, பீப் என்று ஒரு சத்தம் எல்லாம் வந்துவிட்டன அல்லவா? அது மக்கர் செய்தால் இவரைத்தான் அழைக்க வேண்டும். மெக்கானிக்கை அழைப்பது அடுப்பை அவமதிப்பது என்று கட்டடமே தீர்மானித்திருந்தது.

ஜோசியருக்கு வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், தோளில் கறுப்புப் பட்டுத்துணி. ஊரெல்லாம் செருப்பை வாசலில் விட்டு வர, இவர் மட்டும் தடித்த பூட்ஸோடு நேரே சமையலறைக்குள் போவார். தன் பாதம் தரையில் பட்டால் அடுப்பின் மூச்சு தடுமாறும் என்பார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் விஞ்ஞானமாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள்.

முதலில் மெயின் சுவிட்சை அணைத்துக் கால் மணி நேரம் எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டும். பிறகு சுவிட்சைப் போட்டு, அடுப்புக்குக் கூச்ச சுபாவம் என்பதால் திரையைப் பட்டுத்துணியால் மூடுவார். அப்புறம் கதவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேள்வி கேட்பார். ஒரு பீப் வந்தால் ஆமாம். இரண்டு பீப் வந்தால் இல்லை. கட்டணம் பீப்புக்கு இவ்வளவு என்று. அந்தக் கட்டடத்து அடுப்புகள் பெரும்பாலும் இல்லை என்றே பதில் சொல்லின.

ஆனால் அவர் பெரிய மேதையானது எண்ணில்தான். பழுதானால் திரையில் F1, F3, F9 என்று ஏதாவது மின்னும். எந்த உறுப்பு கெட்டது என்பதற்குக் கம்பெனிக்காரன் வைத்த அடையாளம் அது. நம் ஜோசியரோ அது ஆள் கணக்கு என்று கண்டுபிடித்தார். வீட்டில் மூத்தவரிலிருந்து எண்ணிக்கொண்டே வர வேண்டும். எண் யார்மேல் விழுகிறதோ அவரால்தான் அடுப்புக்குத் தோஷம்.

அவ்வளவுதான், கட்டடம் ரெண்டுபட்டது. F1 விழுந்த ஒரு மாமனார் கட்டிலோடு பால்கனிக்குக் குடிபெயர்ந்தார். F2 விழுந்த வீட்டில் இரட்டையர்கள், பிறந்த நிமிடத்தை வைத்து அடிதடி வரை போனார்கள். இரண்டே பேர் வாழ்கிற வீட்டில் F9 வந்தது. ஜோசியர் அசரவில்லை. பூனையைச் சேர்த்தார். தொட்டியில் நீந்திய ஐந்து மீன்களையும் சேர்த்தார். எட்டுதான் வந்தது. கடைசியில் அந்த வீட்டம்மா வெட்கத்தோடு வயிற்றைத் தொட்டுக் காட்ட, கணக்கு நேராயிற்று. பிறக்காத பிள்ளைக்கு அன்றே ஓவன் தோஷம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே என்பார்கள். அந்தக் கட்டடத்தில் கிண்ணம் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

நாலாம் மாடியில் வீட்டிலேயே கேக் சுட்டு விற்கும் பெண் ஒருத்தி. எல்லோருக்கும் கேக்கம்மா. ஆஸ்பத்திரி கேன்டீன்காரர்கள் சனிக்கிழமை காலை அவளுடைய கேக்கைத் தின்று பார்க்கப் போகிறார்கள். பிடித்தால் ஒரு வருஷத்துக்கு அவளிடம்தான் வாங்குவார்கள். ஆறு வருஷம் காத்திருந்து வந்த வாய்ப்பு. செவ்வாய்க்கிழமை அடுப்பைப் போட்டாள். F3 என்றது அடுப்பு.

வீட்டில் மூன்றே பேர். மூத்தவர் பெரிய நாத்தனார். அடுத்தவர் அவருடைய தம்பி, அதாவது கேக்கம்மாவின் கணவர். அக்கா பேசும்போது தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை அந்தக் கழுத்துக்குக் கிடையாது. மூன்றாவது யார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

புதன்கிழமை நாத்தனார் ஜோசியரைக் கூட்டி வந்துவிட்டார். மௌனம் முடிந்தும் F3 போகவில்லை. ஜோசியர் காது வைத்துக் கேட்டார், அடுப்பு பீப் என்றது.

“மூணாவது ஆள் கை பட்டுதான் அடுப்பு வாடுது. இனி அந்தக் கை இதுல படக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொரு தடவை கேக்கறேன். அப்பவும் ஆமான்னா, நாப்பது நாள் என் இடத்துல வெச்சு ஓய்வு குடுக்கணும்.”

அவருடைய இடம் என்பது அவர் மச்சானின் பழைய சாமான் கடை. ஓய்வுக்குப் போன அடுப்புகளில் ஒன்றுகூட இதுவரை திரும்பி வரவில்லை. அங்கே அவ்வளவு சுகம் போலிருக்கிறது.

கேக்கம்மாவுக்கு அழுகை வந்தது. ஆறு வருஷமாக அந்தக் கை சமைத்ததைத்தான் வீடே சாப்பிட்டது. அப்போது இல்லாத தோஷம் கேன்டீன்காரர்கள் வரும்போதா வர வேண்டும்? கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை போய்க் கோபம் வந்தது.

வியாழக்கிழமை நாத்தனார் வெளியே போன நேரத்தில் மெக்கானிக்கை வரவழைத்தாள். எப்போதும் காதில் பென்சிலும் கையில் ஸ்க்ரூடிரைவருமாக அலைவதால் அவருக்குத் திருப்புளி என்று பெயர். ஜோசியர் வந்த பிறகு பாவம், அந்த ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே இல்லை. அவர், ஃப்ரிட்ஜ் ஆடாமல் இருக்க அடியில் மடித்துச் செருகியிருந்த ஓவன் கையேட்டை உருவி, கடைசிப் பக்கத்தைக் காட்டினார். F3 என்றால் சூட்டை அளக்கும் சென்சார் பழுது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிறகு அடுப்பின் பின்பக்கத்தைத் திறந்து மீட்டரை வைத்தார்.

“இது நல்லா இருந்தா ஆயிரத்துச் சொச்சம் காட்டணும்மா. ஒண்ணுமே காட்டல. உள்ள கம்பி அறுந்திருக்கு. யாராவது கம்பி நார் போட்டு அழுத்தித் தேச்சீங்களா?”

திங்கட்கிழமை நாத்தனார், சாமான் என்றால் முகம் தெரிய வேண்டும் என்று சொல்லி அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்த்தது கேக்கம்மாவுக்கு நினைவு வந்தது. ஜோசியர் போன சில வீடுகளில் அடுப்பு எப்படிச் சரியானது என்று மட்டும் கேட்டாள். கரன்ட்டை நிறுத்திப் போட்டால் சில கோளாறு தானாகத் தெளியும், அதற்கு ஜோசியர் எதற்கு, பேப்பர் போடுகிறவர் நிறுத்தினாலும் தெளியும் என்றார் திருப்புளி. பீப் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். பொத்தான்களுக்குப் பின்னால் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டிலிருந்துதான் என்றார். சோதித்துப் பார்க்க அந்தப் போர்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுச் சென்சாரோடு திரும்பி வந்தார். போர்டில் ஒரு குறையும் இல்லையாம். நாத்தனார் மாடி மாடியாகப் போய்ச் சாயங்காலக் காட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

“சென்சார மட்டும் மாட்டுங்கண்ணே. போர்டு சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்,” என்றாள் கேக்கம்மா.

திருப்புளி ஒரு நிமிடம் விழித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

சாயங்காலம் சமையலறையில் எள் போட்டால் கீழே விழாது. கயிற்றோடு இரண்டு சுமையாட்கள் வாசலில் தயார். ஜோசியர் வருவதற்கு முன்பே திரையை மரியாதையாகத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள் கேக்கம்மா. பக்தி வந்துவிட்டது என்று நாத்தனாருக்குப் பூரிப்பு. மௌனம் முடிந்தது. ஜோசியர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

தோஷம் மூன்றாவது ஆளால்தானே என்றார். பீப். ஓய்வுக்கு வருகிறாயா என்றார். பீப். நாத்தனார் கண்ணை மூடிக் கும்பிட்டார். சுமையாட்கள் கயிற்றை அவிழ்த்தார்கள்.

“நானும் ரெண்டு கேள்வி கேக்கலாங்களா?” என்றாள் கேக்கம்மா.

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்பாரா? தாராளமாக என்று கையை விரித்தார்.

“அடுப்பே, பேசறது நீதானா?”

பீப்.

“உன் போர்டு உனக்குள்ளதான் இருக்கா?”

ஜோசியர் அரை நொடி யோசித்தார். போர்டு அடுப்புக்குள் இல்லாமல் பின்னே எங்கே இருக்கும்? பீப்.

கேக்கம்மா துணியை இழுத்தாள். திரை இருட்டு. அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்த பச்சைப் போர்டை உயர்த்திக் காட்டினாள்.

“இதுதான் அதோட நாக்கு. மத்தியானத்துலேருந்து இந்த டப்பாவுக்குள்ள இருக்கு. அப்ப இவ்வளவு நேரம் பேசினது யாரு?”

போர்டு வைக்கும் இடம் காலி என்று திருப்புளி திறந்து காட்டினார். ஆத்மாவுக்கு நாக்கு தேவையில்லை என்று ஜோசியர் ஆரம்பித்தார். கூட்டத்தில் பாதிக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பால்கனி மாமனார் முன்னால் வந்தார்.

“தம்பி, அந்தப் பூட்ஸக் கழட்டி வாசல்ல விட்டுட்டு ஒரு தடவை கேளுங்க.”

ஜோசியர் ஓரடி பின்வாங்கினார். பீப். இன்னும் ஓரடி. பீப். கேள்வியே கேட்காமல் பதில் வந்தது. அறை வெடித்துச் சிரித்தது. ஜோசியர் ஓடினார். நாலு மாடிப் படிக்கட்டும் பீப் பீப் பீப் என்றது. வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். இரண்டாம் மாடியில் இடது பூட்ஸ் கழன்றது. எடுத்துப் பார்த்தால், கட்டை விரல் அழுந்தும் இடத்தில், அழுத்தினால் பீப் என்று கத்தும் தீப்பெட்டி அளவு பஸர்.

திருப்புளி போர்டை மாட்டினார். திரை ஒளிர்ந்தது. F3 இல்லை. அடுப்பு மெல்லச் சூடேறியது. கூட்டம் கலைந்த பிறகும் நாத்தனார் அங்கேயே நின்றார்.

“திங்கக்கிழமை கம்பி நார் போட்டுத் தேச்சது நான்தான்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “நான்தானே முதல் ஆளு.”

கேக்கம்மா நாலு சூடான வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல நேரமில்லை.

“காலைல ஆறு மணிக்கு கேக் உள்ள போகணும் அண்ணி. முட்டை உடைக்க ஆள் வேணும்.”

தம்பிக்காரர் வழக்கம்போலத் தலையாட்டினார். இந்தத் தடவை அவர் தலைமேல் மாவு மூட்டையை ஏற்றினார்கள்.

கேன்டீன்காரர்கள் முதல் துண்டை விழுங்குவதற்குள் இன்னொரு துண்டு கேட்டார்கள். சரி, கட்டடம் திருந்தியதா? மறுவாரம் பக்கத்துத் தெருவில் வாஷிங் மெஷின் பாஷை தெரிந்த ஒரு அம்மையார் வந்திருப்பதாகக் கேள்வி. ஷாம்பு நுரைக்காரர் இப்போதே இடம் பிடித்துவிட்டார். அடுப்புக்கு உணர்வு அறுந்தால் அது யோக்கியமாக F3 என்று காட்டிவிட்டு வேலையை நிறுத்திவிடுகிறது. மனிதனுக்குப் புத்தி அறுந்தால் எந்த எண்ணும் மின்னுவதில்லை. வரிசையில் போய் நிற்கிறான்.