ஆணியில் ஏறிய மனேஜர்

ஜேர்மனி உலகத்துக்கு வழங்கிய மாபெரும் கொடை காருமல்ல, மருந்துமல்ல, டீற்றர் வோல்பாக்தான். இந்த உண்மையைக் கண்டறிந்த பெருமை ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் வசிக்கும் அன்புராசாவையே சேரும்.

உதைபந்தாட்டக்காரராக இருந்த காலத்தில் வோல்பாக்கை அவருடைய தெருவிலேயே ஆருக்கும் தெரியாது. இரண்டாம் பிரிவு அணியில் மாற்று ஆட்டக்காரராகக் குந்தியிருந்தே வாங்கைத் தேய்த்தவர். ஓர் அணிக்கு மனேஜரான பிறகு பாருங்கள், பிள்ளைகளின் சட்டையில்கூட அவர் முகம்! காரணம் ஒன்றே. தோற்றவனை அவர் கட்டிப்பிடிப்பார். இறுதியாட்டத்தில் பெனால்ற்றியைத் தவறவிட்டவனை மைதானமே கூவித் திட்டியபோது, ஓடிப்போய் நெஞ்சோடு அணைத்தார். அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் அன்புராசா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

ஆகவே 'அகில கனடா வோல்பாக் மன்றம்' அவருடைய வரவேற்பறையில் உதயமானது. மொத்த அங்கத்தவர் ஐந்து பேர். தலைவரின் படத்தை, மன்னிக்கவும், மனேஜரின் படத்தை எங்கே மாட்டுவது? மூத்த மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி சும்மா இருந்தது. இளையவள் செரீனா எஞ்சினியராகிக் கறுப்பு அங்கியோடு ஏறவேண்டிய ஆணி. இரண்டாம் வருடத்தில் பெயிலாகி அவள் படிப்பை விட்டதிலிருந்து அன்புராசா அவளோடு கதைப்பதில்லை. வேண்டியவற்றை மனைவி அன்ரனெற் மூலம் 'அறிவிப்பார்'. நல்ல ஆணி வீணாகலாமா? மனேஜர் ஏறினார்.

முதற் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: அங்கத்தவர் அனைவரும் வோல்பாக் முறையில் கட்டிப்பிடிக்கப் பழகவேண்டும்.

"இடக்கை முதுகிலை, வலக்கை பிடரியிலை," தலைவர் அன்புராசா செய்து காட்டினார். "உடனை விடக்கூடாது. அவன் அழுது முடியட்டும்."

"அண்ணை, எனக்கு அழுகை வரேல்லையே," என்றார் அவர் பிடியில் இருந்த கிளிபோட்.

"போன மாசம் உம்மடை வேலை போனதை நினையும்."

கிளிபோட் நினைத்தார். மெய்யாகவே அழுதார். மன்றம் கைதட்டியது.

அந்த நேரம் பார்த்து செரீனா ரோல்ஸ் பலகாரத் தட்டோடு வந்தாள். செயலாளர் றெமிஜியஸ் வெள்ளை மனசுக்காரர். "அண்ணை, பிள்ளையைக் கட்டிப்பிடிக்காமல் விட்டிட்டியள்," என்றார்.

அன்புராசா மகளைப் பார்க்கவில்லை. "அன்ரனெற், இது மெம்பர்மாருக்கு மட்டும் எண்டு சொல்லு."

அன்ரனெற் சொல்லவில்லை. செரீனா தட்டை மேசையில் வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நானும் ஒரு பெனால்ற்றிதானே அப்பா மிஸ் பண்ணினனான்."

அன்புராசாவின் இரண்டு கைகளும், முறைப்படி, கொஞ்சம் உயர்ந்தன. உயர்ந்த கைகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டின. பல மாதங்களாகக் கதைக்காத தகப்பன், மற்ற நான்கு அங்கத்தவரும் சாட்சியாக, மகளோடு நேரடியாகவே வாய் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு. மனேஜரை மறைக்கிறாய்."