கண்கட்டுச் சதுரங்கம்

நாச்சிமுத்து துண்டை நாலாக மடித்துக் குமாரவேலின் கண்ணைக் கட்டினார்.  அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் இந்நேரம் நண்பன் பழனிமுத்துவின் கை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எல்லாம் ஒரு பொய்யால் வந்த வினை. வெள்ளகோவில் மாட்டுத் தரகர் நாச்சிமுத்துவுக்குச் சதுரங்கப் பைத்தியம். ஒவ்வொரு காயையும் எந்த வரிசை, எந்தக் கட்டம் என்று நம்பர் சொல்லித் தெருவுக்கே கேட்கும்படி நகர்த்துவார். தன்னை ஜெயிக்கிறவனுக்குத்தான் மகள் அமராவதி என்று சொல்லி, நாலு மாப்பிள்ளைகளைத் தோற்கடித்து அனுப்பியிருந்தார். இந்த அறுபத்து நாலாம் வருஷத்தில் ஐந்தாவதாக வந்தவன் குமாரவேல், திருப்பூர் பனியன் கம்பெனி மெக்கானிக். குதிரை எது, யானை எது என்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் காப்பி கொடுத்த அமராவதி ஒரு பார்வை பார்த்ததில், ஆடத் தெரியும் என்று உளறிவிட்டான்.

தரகர் உடனே பலகையைத் தூக்கினார். தப்பிக்கிற அவசரத்தில் குமாரவேல், பலகையைப் பார்த்து ஆடினால் தனக்கு ருசிக்காது, கண்ணை மூடி மனசுக்குள்தான் ஆடுவேன் என்றான். தரகர் வாயைப் பிளந்தார்.

"மனசுக்குள்ள பலகை எப்படிங்க தம்பி தெரியும்?"

"மிசின்ல ஆயிரம் ஊசி ஓடுதுங்க. ஒண்ணு ஒடஞ்சாப் பாக்காமயே தெரியுமுங்க. அந்த மாதிரிதானுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து ஆடிக் காட்ட வேண்டும் என்றார்.

கம்பெனியில் சதுரங்கப் புலியான பழனிமுத்துவின் காலில் விழாத குறை. அவன் ஒரு வழி சொன்னான். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறார்கள் அல்லவா? அதே கணக்கில், குமாரவேல் கூடத்தில் கண்ட ஜன்னலுக்கு வெளியே சந்துப் பக்கம் நின்று, திரையை விலக்கிப் பலகையைப் பார்த்து, குமாரவேலின் விரலைப் பிடித்தே நம்பர் சொல்லிவிடுவான்.

இப்போது தரகர் முதல் காயை நகர்த்தி நம்பர் சொல்லியாயிற்று. இடது கையைத் திரைக்குப் பின்னால் நீட்டியிருந்த குமாரவேலுக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் முறையும் அவர் தொண்டையைச் செருமியபோது, தலையைப் பின்னால் சாய்த்து, "சீக்கிரம் நம்பரப் புடிறா," என்று முணுமுணுத்தான்.

சட்டென்று ஒரு கை அவன் விரல்களைப் பற்றியது. ஈரமாக, ஜில்லென்று இருந்தது. பயத்தில் பழனிமுத்துவுக்கும் வியர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு பிடித்த விரல்களை எண்ணிச் சொல்வதுதான் அவன் வேலை. நகர்வது சிப்பாயா மந்திரியா என்றுகூட அவனுக்குத் தெரியாது. தரகரின் குரல் போகப் போகக் கம்மியது. நடுவில் ஒருமுறை அந்தக் கை நறுக்கென்று கிள்ளியது; ஏனென்று விளங்கவில்லை. முக்கால் மணி நேரம் ஓடியது.

"ராசாவுக்குப் போக்கிடமில்லீங்க," என்றார் கடைசியில், நம்ப முடியாமல். "தை மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாமுங்க மாப்ள."

கட்டை அவிழ்த்துவிட்டு, மனைவியிடம் சொல்ல அவர் வாசலுக்கு ஓடினார். அவரோடு மோதிக்கொள்ளாத குறையாகப் பழனிமுத்து உள்ளே நுழைந்தான். வேட்டியெல்லாம் முள். முகம் செத்துப் போயிருந்தது.

"மன்னிச்சுக்கடா. ஊட்ட மூணு தடவ சுத்தி வந்துட்டேன். சந்துப் பக்கம் வெறுஞ் சொவருதான்டா இருக்குது. நீ சொன்ன ஜன்னல் எங்கடா?"

குமாரவேல் வெடுக்கென்று எழுந்தான். திரும்பித் திரையை விலக்கினான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுப்படி. அமராவதி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பலகயப் பாக்காம ஆடறது பெருசில்லீங்க," என்றாள் மெதுவாக. "நான் அஞ்சு வெரலப் புடிச்சா நீங்க நாலுன்னு சொல்லிப்போடறீங்க பாருங்க, அத மனசுக்குள்ள மறுபடியும் அடுக்கி ஜெயிக்கறதுதானுங்க பெரும்பாடு."