வற்றாப்பளைக்கு ஒரு ரோஸ் சேலை

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் புறப்படும் நேரத்திலும் இங்கிலிஸ் மாஸ்ரர் சிற்றம்பலத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. போர்க்காலப் பொருள்தடை தாண்டி நரைச்சாயம் வன்னிக்கு வராத காலம். கண்மையால் மீசையைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தவர், மனைவி பத்மாசனி ரோஸ் சேலையோடு வந்ததும், "மட்டன் டிரெஸ்ட் அஸ் லாம்" என்றார்.

கிழட்டு ஆடு குட்டி வேசம் போட்டதாம். குமரிபோல உடுத்திய வயதான பெண்களை வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் அப்படித்தான் நக்கலடித்தார்கள்.

"அதென்னப்பா?"

"வடிவா உடுத்த பொம்பிளையளை வெள்ளைக்காரர் அப்பிடித்தான் புகழுறவங்கள்."

இரவுச் சோற்றை நினைத்துச் சொன்ன பொய் அது. பத்மாசனி அவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சைக்கிள் கரியரில் ஏறினாள்.

கோயிலடியில் பள்ளிக்கூட அதிபர் நல்லதம்பியின் மனைவி ஞானேஸ்வரி நின்றாள். அதிபரின் வளவுக் கொட்டிலில்தான் சிற்றம்பலத்தின் ரியூசன் நடக்கிறது. பத்மாசனி அவளின் கையைப் பிடித்து, "மட்டன் டிரெஸ்ட் அஸ் லாம்" என்றாள். ஞானேஸ்வரி சிற்றம்பலத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னாள்.

கொட்டில் கையைவிட்டுப் போவது சிற்றம்பலத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

"அது வெளியில சொல்லுறேல்லை. புருசன் மனிசிக்கு மட்டும்தான் சொல்லுறது" என்றார்.

"அப்ப எங்கட இவரைக்கொண்டு சொல்லுவிக்கிறன். அவருக்கு இங்கிலிஸ் நல்லாத் தெரியும்" என்றாள் ஞானேஸ்வரி.

"ஐயோ, வேண்டாம். அது சரியான வடிவான ஆக்களுக்கு மட்டும்."

"அப்ப நான் வடிவில்லையோ மாஸ்ரர்?"

அவருக்கு வேர்த்து வழிந்தது. துடைத்த கை கறுத்தது. பெண்கள் இருவரும் அதைப் பார்த்து ஒரே குரலில், "மட்டன் டிரெஸ்ட் அஸ் லாம்" என்றார்கள்.

கேணியில் கால் கழுவிவிட்டு வந்த அதிபரைச் சிற்றம்பலம் ஓடிப்போய் மறித்தார்.

"சேர், பிழை என்னிலதான். பத்மாசனி அந்தச் சேலையில உண்மையாவே வடிவு. அதை நேர சொல்ல வெக்கத்திலதான் நக்கலடிச்சனான். உங்கட மனிசி கேட்டா, நல்ல கருத்தெண்டு சொல்லிவிடுங்கோ."

அதிபர் தோளில் கை போட்டார்.

"மாஸ்ரர், போன பொங்கலுக்கும் இதைத்தானே சொன்னனீங்கள். அப்பவே உங்கட மனிசி என்னட்டக் கருத்துக் கேட்டவா. இண்டைக்கு இவையள் ரண்டு பேரும் சொல்லுறது உங்கட மீசையைப் பாத்து."