வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த சேவல்

மலேசியாவின் கிள்ளானில் அவரைப்போல சொந்தபந்தம் விசாரித்துக் கல்யாணம் முடித்துவைத்தவர் எவருமில்லை. பெண் வீட்டாரின் மூன்று தலைமுறையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். என்ன, பெண்ணும் மாப்பிள்ளையும் கோழிகள்.

என் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேவல் கொடுப்பவரையெல்லாம் சம்பந்தி என்று கூப்பிடுவார். கடைசியில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அவரையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வீட்டின் பின்புறம் ஏழெட்டுக் கோழிகள், காலில் குடும்பத்துக்கொரு கலரில் ரிப்பன். சிவப்பு ரிப்பன் சேவல் சிவப்பு ரிப்பன் கோழியின் பக்கம் போனால் துடைப்பத்தோடு ஓடிவருவார்.

"டேய், அது உன் தங்கச்சிடா!"

காரணம் கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. ஆரம்பத்தில் அவரும் அண்ணன் தங்கைகளைக் கண்டுகொள்ளாமல் ஒன்றாகவே விட்டிருந்தாராம். போகப்போக முட்டைகள் சரியாகப் பொரிக்கவில்லை. பொரித்த குஞ்சுகளிலும் சிலவற்றுக்கு விரல் கோணல்.

"நடக்க முடியாம நடந்துச்சு தம்பி. நான்தான் பாத்து வெச்சிருக்கணும் லா," என்றார்.

அன்றிலிருந்து ஊர் ஊராக மாப்பிள்ளை தேடல். ஒருமுறை தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு நண்பர் சேவலோடு வந்தார். தேநீர் குடித்தபடி சாவகாசமாகச் சொன்னார்: "இதோட தாய், நீங்க முன்ன குடுத்த முட்டையில பொரிச்சதுதாண்ணே."

சம்பந்தியின் முகம் வாடிவிட்டது. அவர் மனைவி மட்டும் அசரவில்லை. "அதனால என்னங்க? அத்தை மகன்தானே, முறை வருதுல்ல?"

"முறையெல்லாம் நமக்குத்தான் லா. கோழிக்கு ஒரே ரத்தம்," என்று சேவலைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவ்வளவு கறாரான மனிதருக்குச் சோதனை துரை வடிவில் வந்தது. தாய்க்கோழி செத்துப்போனதால், அடுப்படியில் அட்டைப்பெட்டிக்குள் பல்பு போட்டு அவர் வளர்த்த சேவல்தான் துரை. குஞ்சாக இருந்தபோது அவர் சட்டைப்பையில் உட்கார்ந்து பாசார் சந்தைக்குப் போய்வந்த செல்லம். அது வளர்ந்து நிமிர்ந்து பார்த்தால், மற்ற குடும்பங்கள் கைமாறிப்போய் மிச்சமிருப்பதெல்லாம் அக்கா தங்கச்சி. துரை வெளியே போயே ஆகவேண்டும். கேட்டு வந்தவர்களோ கறிப் பிரட்டலுக்குத்தான் கேட்டார்கள். சம்பந்திக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு காலையில் மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது. கையில் துரை.

"தம்பி, உங்க வீட்டுப் பின்னாடி எடம் சும்மாதானே கெடக்கு?"

"அங்கிள், எனக்கு முட்டை அவிக்கவே தெரியாது!"

"சுங்கை வேயில ரெண்டு பொண்ணு பாத்து வாங்கிட்டேன். நம்ம கோழிங்களோட ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மாப்பிள்ளை உங்க வீட்டோட இருந்துக்குவாரு."

அவர் கண் கலங்கியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இப்படித்தான் கல்யாணமே ஆகாத நான் பெண் வீட்டுக்காரன் ஆனேன். தினமும் காலையில் மதில்மேல் விசாரணை: "சம்பந்தி, மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" நான் சாப்பிட்டேனா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தீபாவளி வந்தது. அப்பா அம்மா போனபிறகு எனக்கு அது தூங்கும் நாள். யாரோ கதவை இடிக்கும் சத்தம். புதுச் சட்டையில் சம்பந்தி.

"மாப்பிள்ளைக்குத் தலை தீபாவளி. என்ன சீர் செஞ்சீங்க?"

நான் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கினேன்.

"ஒண்ணும் செய்யலையா? என்ன பொண்ணு வீடு லா இது!" என்று தலையில் அடித்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தார். "சரி, வாங்க. இலை போட்டாச்சு. சம்பந்தி வீடு இருக்கறப்ப தனியா ஏன் சாப்பிடணும்?"

அதன்பிறகு எந்தத் தீபாவளிக்கும் நான் தூங்கியதில்லை. சீரை மறந்ததற்காக உரிமையோடு திட்ட எனக்கும் ஒரு மனிதர் இருக்கிறார்.