அரக்குக் கரையும் ஒரு வரியும்

நம் பக்கத்தில் புதிதாக ஓர் இனம் பெருகி வருகிறது: புதுக் கம்ப்யூட்டர் மொழி கற்றுக்கொண்டவர். ஆபத்தில்லாதவர்தான், எதையும் கேட்டுமட்டும் வைத்துவிடாதீர்கள். ‘அது ஏன்னாங்க’ என்று ஆரம்பிப்பார். அப்புறம் உங்கள் பொழுது உங்களுடையதல்ல.

அஸ்தம்பட்டிக் கலைமணியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் பட்டன், பட்டியல், படம் எல்லாம் செய்வதற்கென்றே ஒரு மொழி அவருக்கு வாய்த்திருக்கிறது. ‘இதைச் செய், அதைச் செய்’ என்று ஏவ வேண்டாம். எது எதைச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதினால் போதும், ஒன்று மாறினால் மற்றதெல்லாம் தானே மாறும். இதைப் பெட்ரோல் பங்கில் சொல்லியிருக்கிறார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்லியிருக்கிறார், பெண் பார்க்கப் போன இடத்திலும் சொல்லியிருக்கிறார். பெண் வீட்டார் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த மொழியில் அவர் எழுதிய சேலை நிறப் புரோகிராமை உலகத்தில் பயன்படுத்துகிறவர் ஒரே ஒருவர், இளம்பிள்ளைச் சேலை வியாபாரி தமீம். அவரும் கைவிட்டால் கலைமணிக்கு வேறு நாதியில்லை. திரையில் சேலை உடலின் நிறத்தைத் தொட்டால் கரையும் பொருத்தமாகத் தானே மாறும். அந்தத் ‘தானே’வில்தான் கலைமணியின் உயிர் இருந்தது.

ஒருநாள் கலைமணியும் தமீம் கடையில் இருந்தபோது, நாமகிரிப்பேட்டைப் பொன்னாத்தாள் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்பது சேலை சொல்ல வந்தார். பச்சை உடல், அரக்குக் கரை. பச்சையைத் தொட்டதும் கரை மஞ்சளானது.

“ஏஞ்சாமி, கரை அரக்காவே நிக்கோணுமே?”

“அது ஏன்னாங்க, கரை உடலைச் சார்ந்ததுங்க. நாம மாத்தக் கூடாது, அதுவாத்தான் மாறோணும்.”

“கட்டறது நாங்கதானுங்களே?”

தமீம் கெஞ்சினார். “ஒரு வரி மாத்தி உட்ருங்க கலைமணி. அம்மா பஸ்ஸுக்கு எந்திரிக்கிறாங்க.”

நிஜமாகவே ஒரு வரிதான். கலைமணிக்கும் தெரியும். ஆனால் அதை எழுதினால் அந்தத் ‘தானே’வின் அழகு என்னாவது? ஒரு தாளை எடுத்து அம்புக்குறி போட்டு விளக்க ஆரம்பித்தார். நாலாவது அம்பில் பொன்னாத்தாள் பையைத் தூக்கினார்.

தமீம் அலமாரியிலிருந்து பச்சை நூல் ஒரு கட்டும் அரக்கு நூல் ஒரு கட்டும் எடுத்து, கீபோர்டின் மேலேயே பக்கத்துப் பக்கமாக வைத்தார்.

“இது போதுமுங்களாம்மா?”

“இதேதான் சாமி.”

நாற்பது சேலைக்கும் ஆர்டர் ஆனது. மறுநாள் கம்ப்யூட்டர் மூலைக்குப் போனது. கலைமணிக்கு அழுகையே வந்தது, பாவம். தமீம் ஏன் நிறுத்திவிட்டார் என்று யாராவது கேட்டால் போதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது ஏன்னாங்க...”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். காலையில் வீட்டில் உங்களிடம் ஒரு வேலை சொன்னார்களே, அதைச் செய்தீர்களா, விளக்கினீர்களா? இதோ, வாயைத் திறக்கிறீர்கள் பாருங்கள்.