ஆயுத பூஜைக்கு லீவு எடுத்த மெயில் சர்வர்

உலகமே இன்டர்நெட்டுக்குள் போய்க்கொண்டிருந்த காலத்தில், இன்டர்நெட்டை ஓசூருக்கு இழுத்து வந்து ஒரு ஸ்டோர் ரூமுக்குள் கட்டிப்போடப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் காம்பவுண்டுதான்.

காம்பவுண்டு என்பது நாங்கள் வைத்த பெயர்; அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. டூவீலருக்குப் பின், புஷ் என்று குட்டிக் குட்டி இரும்புச் சாமான் செய்கிற எங்கள் சின்னத் தொழிற்சாலையில் கரண்ட், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் அவர்தான் பொறுப்பு. எதுவானாலும் நம் காம்பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. குடிக்கிற தண்ணீர் அவருடைய பாகலூர் வீட்டிலிருந்து கேனில் வரும். கறிவேப்பிலைக்குக்கூட வெளியாளை நம்பக் கூடாதென்று ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் செடி வைத்திருந்தார். கடையிலிருந்து டீ வந்தால், "யாரு ஊட்டுப் பாலோ" என்று மோந்து பார்ப்பார். பார்த்துவிட்டு இரண்டு கப் குடிப்பார்.

ஒருநாள் முதலாளியின் அறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மொதலாளி, நம்ம மெயிலெல்லாம் எங்க இருக்குது, தெரியுங்களா?"

"கம்ப்யூட்டர்ல."

"அதான் இல்லீங்க. எவனோ ஒருத்தன் ஊட்டுல இருக்குது. நம்ம ரேட்டு, நம்ம டிராயிங், எல்லாம் அவன் ஊட்டுப் பரண் மேல. நாளைக்கு அவன் கதவைச் சாத்திக்கினா?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதே கால்குலேட்டரைக் கையால் மறைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர் அவர். "நம்ம காம்பவுண்டுலயே வெச்சிரலாமா?" என்றார். அந்த வார்த்தைக்காகவே பிறவி எடுத்தவர்போல் காம்பவுண்டு தலையாட்டினார்.

நான் அங்கே மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட். டிபார்ட்மென்ட் என்றால் நானும் ஒரு சாம்பிள் பையும். "அண்ணே, இதெல்லாம் ஆகற காரியமா?" என்று கேட்டேன். "மெயிலுன்னா என்னா சார்? வாங்கறது, குடுக்கறது. நம்ம செக்யூரிட்டி தெனமும் செய்யல?" என்றார்.

ஓரங்கட்டிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, ஸ்டோர் ரூமில் ஒரு மரப்பலகை மேல் உட்காரவைத்தார். வீடியோ பார்த்துப் பார்த்து வேலை செய்தார். எங்களிடம் தமிழ், இன்டர்நெட் லைன்மேனிடம் கன்னடம், சர்வரிடம் மட்டும் தெலுங்கு. "லே நாயனா, லே" என்று அதன் முதுகைத் தடவுவார். எழுந்திரு ராசா என்று அர்த்தம். அந்த ராசா ஒரு வாரம் கழித்து எழுந்தது. அவர் மேஜையிலிருந்து என் மேஜைக்கு முதல் மெயில் வந்தது. நடந்து வந்து கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். ஆனாலும் தொழிற்சாலை முழுக்கத் தேங்காய் மிட்டாய் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முதலாளி கத்திக்கொண்டே வெளியே வந்தார். தலையில் முடி முளைக்கவைக்கும் தைலத்துக்கான விளம்பர மெயில் அவருக்கு வந்திருந்தது. அனுப்பியது எங்கள் கம்பெனி. அவர் தலையைப் பார்த்த எவருக்கும் இது தற்செயல் என்று தோன்றாது.

நடந்தது இதுதான். மெஷின் ஷாப்பிலிருக்கும் ஸ்கேனரும் மெயில் அனுப்பட்டுமே என்று ஏதோ ஒரு செட்டிங்கைக் காம்பவுண்டு தளர்த்திவிட, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எங்கள் சர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம் என்று ஆகிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் காம்பவுண்டு, காம்பவுண்டு என்றவர் கேட்டைப் பூட்ட மறந்துவிட்டார். எந்த ஊர்த் தைலக்காரனோ விடிய விடிய எங்கள் பெயரில் வியாபாரம் செய்திருக்கிறான்.

கேட்டைப் பூட்டியாகிவிட்டது. ஆனால் பெயர் கெட்டதுதான் மிச்சம். நாங்கள் அனுப்பிய மெயிலெல்லாம் குப்பையில் விழுந்தது, அல்லது திரும்பி வந்தது. கெட்ட சர்வர்களைப் பட்டியல் போடுகிறவர்களுக்குக் காம்பவுண்டு மன்னிப்பு மனு எழுதினார். "நாங்கள் பின்னும் புஷ்ஷும் செய்கிறவர்கள். முடிக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை." படித்தவர்கள் சிரித்திருக்க வேண்டும். விடுதலை கிடைத்தது.

அடுத்துதான் ஆயுத பூஜை.

புனேயில் ஒரு பெரிய கம்பெனிக்குச் சாம்பிள் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். "இந்த ஆர்டரும் வரலேன்னா மார்க்கெட்டிங்னு ஒரு டிபார்ட்மென்ட் எதுக்குய்யா நமக்கு?" என்று முதலாளி கேட்டிருந்தார். பூஜை முடிந்து, பூசணிக்காய் உடைத்து, வாய் நிறையப் பொரியோடு நின்றபோது புனே அதிகாரி போனில் வந்தார். டிராயிங்கில் ஒரு திருத்தம் செய்து இப்போதுதான் மெயிலில் அனுப்பினாராம். நாளைக்குத் தசரா, அதாவது நம் விஜயதசமி; குடும்பத்தோடு மலை ஏறப் போகிறாராம். தசராவுக்கு மறுநாள் சீட்டுக்குத் திரும்பும்போது, செய்து தருகிறோம் என்ற எங்கள் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு. பொரியை விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் அது சுவிட்ச் ஆஃப்.

கம்ப்யூட்டரைத் திறந்தால் மெயில் வரவில்லை. ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். பூட்டு. ஜன்னல் வழியே பார்த்தேன். நெற்றியில் சந்தனம், காற்று போகும் ஓட்டையெல்லாம் குங்குமம், தலையில் எலுமிச்சம்பழம் என்று சர்வர் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பிளக்குக்கும் தனியாக ஒரு பொட்டு.

பாகலூருக்கு வண்டியை விரட்டினேன். காம்பவுண்டு ரோஜாத் தோட்டத்தில் பம்புசெட்டுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சர்வரை நிறுத்திட்டீங்களே!"

"லேத்துக்கு லீவு, டிரில்லிங்குக்கு லீவு. அது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு? அதுவும் மெஷின்தான சார்?"

"புனே மெயில் போச்சே!"

"எங்கயும் போவாது. நம்ம கதவு மூடியிருந்தா அனுப்பின சர்வரு திரும்பத் திரும்ப வந்து கேக்கும். நாள்கணக்குல கேக்கும். உங்கள மாதிரி உடனே மூச்ச உட்றாது."

"சாவியக் குடுங்க, நானே போடறேன்."

"பொட்டு வெச்ச மெஷினு. நாளைக்குக் கற்பூரம் காட்டித்தான் போடணும். உக்காருங்க, ஒப்பட்டு சாப்பிடுங்க."

போளி சாப்பிடுகிற நிலையிலா இருந்தேன்? திரும்பும் வழியில், வேலை போனால் காவேரிப்பட்டணத்தில் மச்சானோடு சேர்ந்து மாம்பழ மண்டி வைக்கலாமா என்று யோசித்தேன். வீட்டுக்கு வருவதற்குள் மண்டி நஷ்டத்தில் மூடப்பட்டிருந்தது.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டினார், பிளக்கைச் செருகினார். சர்வர் ஒரு பெருமூச்சு விட்டது. அது வரை அடைத்திருந்த குங்குமம் மொத்தமும் என் முகத்தில். மெயில் ஒன்றுமில்லை. பத்து நிமிடம். அரை மணி. "கேட்டுக் கேட்டு அலுத்துட்டானோ என்னமோண்ணே" என்றேன், அழாக்குறையாக. "கம்முனு இருங்க சார்" என்றார். ஆனால் அவர் கையிலிருந்த டீ ஆடை படிந்து கிடந்தது. யார் வீட்டுப் பால் என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

முதலில் வந்தது ஏதோ ஒரு பேரிங் கடையின் ஆயுத பூஜை வாழ்த்து. பின்னால் ஒன்று, இன்னொன்று. அதற்கும் பின்னால், ஒரு எழுத்தும் குறையாமல், புனே. டிராயிங்கைப் பார்த்து, லேத் மேஸ்திரியைக் கேட்டு, பதில் அனுப்பினேன். போனது. காம்பவுண்டு என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப நீங்கதான் சார் பூஜை போட்ட மெஷினு மாதிரி இருக்கறீங்க" என்று சொல்லிவிட்டு ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

ஆர்டர் வந்தது. டிபார்ட்மென்ட் பிழைத்தது. முதலாளி மட்டும் அந்த இரண்டு நாளை மறக்கவில்லை. மெயிலை ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது அது நிற்பதே இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

காம்பவுண்டு ஓய்வு பெறும்போது அந்தப் பழைய பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பாகலூர் வீட்டில் இன்னும் ஓட்டுகிறார். அதில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் கணக்கு. ஒன்று அவருக்கு. இன்னொன்றை, "இருந்துட்டுப் போவட்டும் சார், எடம் நெறைய இருக்குது" என்று எனக்குத் திறந்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்கு லீவு. அன்றைக்கென்று பார்த்து ஆபீசிலிருந்து அவருக்கு ஒரு மெயில் அனுப்புவேன். மறுநாள் "வந்துச்சு சார்" என்று அவர் போன் செய்யும் வரை கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கும். வருஷத்தில் அந்த ஒரு பயத்தை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.